வெர்மான்ட் இலையுதிர்காலம்: மலைச் சாலையா, ஏரிப் பாதையா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட சாலைகள் இன்னும் மண் சாலைகள்தான். இலை நிறம் மாறும் நாட்களில் எட்டுப் பத்துப் பேராக சைக்கிளில் கிளம்ப அருமையான இடம். எந்தப் பக்கம் போவது என்பதில்தான் சண்டை.

என் ஓட்டு வெயிட்ஸ்ஃபீல்டைச் சுற்றியுள்ள மலைச் சாலைகளுக்கு. செப்டம்பர் கடைசியில் மேப்பிள் மரங்கள் குங்குமச் சிவப்பாகிவிடும். ஊருக்குள் 1833-இல் கட்டிய, கூரை போட்ட மரப்பாலம் ஒன்று உண்டு. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று மங்கும். மறுமுனையில் சதுரமாக வெட்டி வைத்ததுபோல் மஞ்சள் வெயில். ஆனால் ஏற்றம் பொல்லாதது. முதல் மேட்டிலேயே கூட்டம் மூன்றாகப் பிரியும், மேலே போனவர்கள் வியர்வை ஆறிக் குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். மெல்லிய டயர் உதவாது. ஈரமான இலையில் பிரேக் பிடித்தால் கதை முடிந்தது.

பர்லிங்டன் நகரிலிருந்து சாம்ப்ளெய்ன் ஏரியோரம் போகும், சைக்கிள் பாதையாக மாற்றிய பழைய ரயில் தடம் நேர் எதிர். சுமார் 22 கி.மீ., முழுக்கச் சமதளம், பேசிக்கொண்டே ஓட்டலாம். கடைசியில் தடம் ஏரிக்குள்ளேயே நீள்கிறது. நடுவில் விட்ட இடைவெளியைச் சைக்கிளோடு படகில் கடந்தால் சவுத் ஹீரோ தீவு, ஆப்பிள் தோட்டங்கள். மலையைவிட இங்கே நிறம் கொஞ்சம் தாமதம், அழுத்தமும் குறைவு. எதிர்காற்று அடித்தால் சமதளமும் ஏற்றம்தான். படகு சீசனில் மட்டுமே ஓடும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோ புதியவர்களோ கூட வந்தால், சரி, ஏரிக்கே போங்கள்.