அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் வாங்கப் போகிற தர்மபுரி கிளினிக்காரர்கள் கவனத்துக்கு

தர்மபுரியில் அக்கா நடத்துகிற பல் கிளினிக்கில் கணக்கு வழக்கெல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஆன்லைனில் நேரம் பிடிக்கிற சாஃப்ட்வேர் ஒன்றை உள்ளூர் ஆள் ஒருவர் செய்து கொடுத்தார். பணம் முழுக்க வாங்கிவிட்டார். பெயரைப் போடவில்லை, இதே சரக்கு வேறு பெயரிலும் வரலாம்.

ஒருவருக்குப் பத்து மணிக்கு ரூட் கேனால். ஒரு மணி நேர வேலை. ஆனால் பத்தரை காலி என்று காட்டி, பென்னாகரத்துப் பாட்டி ஒருவருக்கு அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டது. வீங்கின கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு, பேரனின் போனில் வந்த மெசேஜை நீட்டி, "இதுல பத்தரைன்னுதானே கண்ணு போட்டிருக்கு?" என்று கேட்டார். அந்த வலியோடு அவரை உட்கார வைத்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

புக்கிங் எல்லாம் சேமிக்கிற டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். பெயர், போன் நம்பர், தேதி, தொடங்கும் நேரம், அவ்வளவுதான். முடியும் நேரத்தை எழுத ஒரு கட்டமே (column) இல்லை! பத்தரைக்குத் தொடங்குகிற புக்கிங் ஏதும் இல்லையென்றால் பத்தரை காலி, இதுதான் அவர் எழுதிய கணக்கு. பழைய புக்கிங் புதியது முடிவதற்கு முன்பே தொடங்கி, புதியது தொடங்கிய பிறகுதான் முடிகிறது என்றால் இரண்டும் மோதும். தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் காலி நேரம் கண்டுபிடிக்கவே முடியாது.

கேட்டதற்கு, "அது புது ஃபீச்சர் சார், தனி சார்ஜ் ஆகும்" என்றார். சண்டை போட்ட பிறகு திருத்தினார். அதிலும் 'முன்பே' என்பதோடு 'சமம்' என்பதையும் சேர்த்து எழுதியதால், பதினொன்றுக்கு ஒருவர் முடித்தால் அதே பதினொன்றுக்கு அடுத்தவரைக் கூப்பிட முடியவில்லை.

பெரிய ஓட்டை இன்னொன்று. இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால் இருவருக்கும் காலி என்று காட்டி இருவரையும் பதிந்துவிடுகிறது. எங்களுடையது மைஎஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸ். அதில் டாக்டருக்கான பதிவு வரியை (row) 'ஃபார் அப்டேட்' என்ற கட்டளை போட்டு, அடுத்தவர் காத்திருக்கும்படி பூட்டி, காலி பார்ப்பதையும் பதிவதையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாக, அதாவது ஒரே டிரான்சாக்‌ஷனில் முடிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்கிற இன்னொரு டேட்டாபேஸ் என்றால் இன்னும் நல்லது. 2012-இல் வந்த அதன் 9.2 வெர்ஷன் முதல், தொடக்கமும் முடிவும் சேர்ந்த நேர இடைவெளியையே ஒரு கட்டமாக வைத்து, எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்கிற தடை விதியைப் போட்டுவிட்டால் மோதுகிற பதிவை டேட்டாபேஸே திருப்பி அனுப்பிவிடும். இதைச் சொன்ன நாளிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.

பாலக்கோடு, அரூர் பக்கம் யாரிடமாவது இப்படி டெமோ காட்ட வந்தால், பத்து மணிக்கு ஒரு மணி நேர வேலையைப் போடச் சொல்லுங்கள். பத்தரை மறைய வேண்டும், பதினொன்று தெரிய வேண்டும். அப்புறம் இரண்டு போனில் ஒரே நேரத்தை ஒன்றாக அழுத்துங்கள். அதுவரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். ரசீதும் ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.