புது தில்லி தேசியப் போர் நினைவிடம்: ஒரு பார்வையாளரின் மதிப்பீடு

விடுதலைக்குப் பிறகு நாட்டுக்காக உயிர் நீத்த படைவீரர்களுக்கென்று தலைநகரில் ஒரு நினைவிடம் அமைய நமக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை அஞ்சலி செலுத்தும் இடமாக இருந்த இந்தியா கேட், முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கான் போரிலும் பிரிட்டிஷ் அரசுக்காகப் போரிட்டு இறந்த இந்திய வீரர்களுக்கு எழுப்பப்பட்டது. 1971 போருக்குப் பின் அதன் வளைவின் கீழ் ஏற்றப்பட்ட அமர் ஜவான் ஜோதியைக் கொண்டே அரை நூற்றாண்டை ஓட்டிவிட்டோம். அதன் அருகில் சுமார் 40 ஏக்கர் பரப்பில் அமைக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. பழைய சுடர் 2022 ஜனவரியில் இங்குள்ள சுடருடன் இணைக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

வடிவமைப்புக்கு முழு மதிப்பெண் தரலாம். இதை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி. இந்தியா கேட்டின் தோற்றத்தை மறைக்காதபடி, தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் நான்கு வட்டங்களாக, சக்கர வியூகத்தை நினைவூட்டும் வகையில் அவர் இதை அமைத்துள்ளார். நடுவில் அணையாச் சுடரும் 15.5 மீட்டர் உயரத் தூணும் உள்ளன. அதைச் சூழ்ந்த வீர்தா சக்கரத்தில் ரெசாங் லா, லோங்கேவாலா முதலிய ஆறு போர்க்களங்களைக் காட்டும் வெண்கலப் புடைச்சிற்பங்கள் இடம்பெற்றுள்ளன. வெளி வட்டம் வரிசை வரிசையாக மரங்கள்.

ஆனால் இந்த இடத்தின் உயிர் மூன்றாம் வட்டமான தியாகச் சக்கரத்தில்தான் இருக்கிறது. திறப்பு விழாவின்போதே 25,942 வீரர்களின் பெயர்கள், ஆளுக்கொரு கிரானைட் கல்லாக, பொன்னிற எழுத்துகளில் இங்கே பொறிக்கப்பட்டிருந்தன. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது சொல்லாமல் சொல்லும் மரியாதை. குறையும் இங்கேதான் தொடங்குகிறது. கல்லில் பெயர், பதவி, படைப்பிரிவு ஆகியவை உண்டு. அந்த மனிதர் எந்த ஊர்க்காரர், எத்தனை வயதில் இறந்தார் என்பதை அதிலிருந்து அறிய இயலாது. முன்பே ஒரு பெயரை மனத்தில் கொண்டு வராத பார்வையாளர், சில கற்களைப் படித்துவிட்டுச் சிற்பங்களின் முன் படம் எடுத்துக்கொள்ளப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறியாதவருக்காக அழுவது எவருக்கும் எளிதன்று.

நடிகர் இறந்தால் ஊரே திரள்கிறது, எல்லையில் வீரர் இறந்தால் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு பத்தி என்று நாம் அடிக்கடி கேட்கும் புலம்பலுக்கும் இதில் விடை இருக்கிறது. சென்னைக் காமராசர் சாலையின் வடக்கு முனையில் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. குடியரசு நாளில் ஆளுநர் மலர்வளையம் வைப்பது போன்ற சில நிகழ்ச்சிகளைத் தவிர மற்ற நாள்களில் அது வாகனங்கள் சுற்றிச் செல்லும் அடையாளம், அவ்வளவே. அதே சாலையில் சற்றுத் தெற்கே எம்.ஜி.ஆர். சமாதியில், கைக்கடிகாரத்தின் ஓசை கேட்குமா என்று கல்லில் காதை வைத்துப் பார்ப்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அவருடைய முகமும் குரலும் வீட்டுக்குள் புழங்கியவை. மக்களின் துக்கம் பழக்கத்தின் வழியே வருவதால், அதை நன்றிகெட்டதனம் என்று ஏசுவதில் பொருளில்லை.

அரசின் நிலை வேறு. 2018 பிப்ரவரி 28 அன்று மும்பையில் நடிகை ஸ்ரீதேவியின் உடல் மூவர்ணக் கொடி போர்த்தப்பட்டு, அரசு மரியாதையுடன் எடுத்துச் செல்லப்பட்டபோது, நடிகைக்கு இந்த மரியாதை எதற்கு என்று எழுந்த கேள்வி நியாயமானதே. அரசு, இராணுவ, மத்திய ஆயுதப் படை இறுதிச் சடங்குகளில் கொடி போர்த்தக் கொடி விதிகள் இடம் தருகின்றன. எவருக்கு அரசு மரியாதை என்பதை மட்டும் ஆட்சியாளர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறோம்.

நினைவிடத்தையொட்டிய பரம் யோதா ஸ்தலத்தில் போர்க்கால வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டியது மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலை. மும்பையில் வளர்ந்த இந்தத் தமிழர், இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதி காக்கும் படையில் இருந்தபோது 1987 நவம்பர் 25 அன்று அங்கே உயிரிழந்தார். ஒரு மாதத்துக்குள், டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார், அந்த நாளைத் தமிழகம் மறக்கவில்லை, மேஜர் இறந்த நாளை அறியவே இல்லை. இதற்குத் திரைமோகம் மட்டுமே காரணம் என்றால் அது பொய். அந்தப் படையின் நடவடிக்கைகளால் ஈழத் தமிழர்கள் பட்ட துன்பம் இங்கே ஆறாத புண்ணாக இருந்தது. 1990இல் படை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அனுப்பிய அரசின் மீதான கோபம் அங்கே இறந்த சுமார் 1,200 வீரர்களின் மீதும் படிந்துவிட்டது. இந்தச் சிக்கலைப் பற்றி நினைவிடம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சிலையும் வீரச்செயல் குறிப்பும் மட்டுமே உண்டு.

இங்கே வழங்கப்படும் சேவைகளில் மிகச் சிறந்தது, மாலையில் உயிரிழந்த வீரர் ஒருவரின் குடும்பத்தார் வந்து மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி. கல்லில் கிடைக்காத அறிமுகம் அந்தச் சில நிமிடங்களில் கிடைக்கிறது: இன்னாரின் மனைவி, இன்னாரின் தந்தை என்று கண்ணெதிரே ஒருவர் நிற்கும்போது கூட்டம் தானாக அமைதியாகிறது. எனவே வெயில் தணிந்த பிறகு, அந்தி சாய்வதற்கு ஒரு மணி நேரமாவது முன்னதாகச் சென்று, சுவர்களைப் பார்த்து முடித்துவிட்டு இந்நிகழ்ச்சிக்கு இருந்து வருவதே நல்லது. புறப்படும் முன் நினைவிடத்தின் இணையதளத்தில் பெயர் தேடும் வசதியைப் பயன்படுத்தி, உங்கள் ஊர்ப்பக்கத்து வீரர் ஒருவரின் பெயரையாவது குறித்துக்கொண்டு செல்லுங்கள். கற்களில் ஊரையும் வயதையும் சேர்க்க இடமில்லையென்றால், ஒவ்வொரு சுவரின் அருகிலும் அவ்விவரங்களைப் பல மொழிகளில் காட்டும் திரை ஒன்றை வைக்கலாம். கட்டுமானத்துக்கு 176 கோடி ரூபாய் செலவழித்த அரசுக்கு அது பெரிய தொகையாக இருக்காது.