ஆங்கில மரபுத்தொடர்களை இந்தியில் பெயர்க்க ஆள் தேடுதல்: ஒரு நெடுநாள் அனுபவம்

மரபுத்தொடர்களும் பழமொழிகளும் மிகுந்த ஆங்கில உரையாடல் பாடங்களை இந்தியில் கொண்டுவரும் பணியைப் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருவதால், மொழிபெயர்ப்புச் செயலிகள், முகமைகள், தனி மொழிபெயர்ப்பாளர்கள் என மூவகையையும் நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

செயலிகளை ஒதுக்கிவிட முடியாது. 2017-இல் கூகுள் டிரான்ஸ்லேட் முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்துப் பெயர்க்கும் நரம்பியல் முறையை இந்திக்கும் கொண்டுவந்த பிறகு வாக்கிய ஓட்டம் நன்றாகவே மேம்பட்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் பலரும் அறிந்த தொடர்களுக்கு நிகரான இந்தி வழக்கையும் எடுத்துத் தருகின்றன. சிக்கல் இடப்பொருத்தத்தில்தான் வருகிறது. 'ஸ்பில் த பீன்ஸ்' (ரகசியத்தை வெளியே சொல்லிவிடுதல்) என்பதற்கு 'பாண்டா ஃபோட்னா' என்ற இணை எளிதில் கிடைக்கும். ஆனால் அது மறைத்துவைத்த தவற்றை அம்பலப்படுத்துவதைக் குறிக்கும் கடுமையான வழக்கு. அம்மாவுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்த பிறந்தநாள் விழாவைக் குழந்தை வாய்தவறிச் சொல்லிவிடும் காட்சியில் அது சற்றும் பொருந்தாது. அங்கே 'ராஸ் கோல் தேனா' (ரகசியத்தைத் திறந்துவிடுதல்) என்ற இயல்பான வழக்கே போதும்.

முகமைகளில் சில, தரத்துக்குச் சான்றாக இந்தி வரிகளை மீண்டும் ஆங்கிலமாக்கிக் காட்டின. மரபுத்தொடர் விஷயத்தில் இந்தச் சோதனையை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தவறான வரிதான் மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகும், நல்ல இந்தி வழக்கோ வேறு உருவில் திரும்பி வரும். ஒருவர் செய்த மொழிபெயர்ப்பை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான பன்னாட்டுத் தரநெறியான ஐஎஸ்ஓ 17100 வற்புறுத்துகிறது. அந்த இன்னொருவர் அன்றாடம் இந்தியில் புழங்குபவரா என்பதை மட்டும் முகமையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

எனக்கு நிறைவு தந்தவர்கள் தனி மொழிபெயர்ப்பாளர்களே. அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தொடர்களைப் பட்டியலாகக் கொடுக்காமல், ஒரே தொடரை இரண்டு வெவ்வேறு சூழல்களில் வைத்துக் கொடுக்கிறேன். இந்தி இலக்கணம் முஹாவராவையும் (மரபுத்தொடர்) லோகோக்தியையும் (பழமொழி) வேறுபடுத்துகிறது: முன்னது வினையில் முடிந்து, காலத்துக்கும் பாலுக்கும் ஏற்ப உருமாறும், பின்னது முழு வாக்கியமாகத் தனித்து நிற்கும். நம் 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பதற்கு இணையான 'நாச் ந ஜானே ஆங்கன் டேடா' இரண்டாம் வகை. தன் கருவிகளைக் குறைகூறும் தொழிலாளியைப் பற்றிய ஆங்கிலப் பழமொழிக்கு இது மிகச் சரியான இணை. ஆனாலும் அதில் ஏளனம் உண்டு. மேலாளர் ஊழியருக்கு எழுதும் மடலில் அதை வைக்கலாமா, நேரடியாகவே சொல்லிவிடலாமா என்று திருப்பிக் கேட்கும் மொழிபெயர்ப்பாளரை நான் தயங்காமல் அமர்த்திக்கொள்வேன்.

இவ்வகைப் பணிக்குச் சொல் எண்ணிக்கையின்படி கூலி தருவது முறையல்ல. மூன்று சொல் தொடருக்கு அரைமணி நேரம் யோசிப்பவருக்கு, செலவிட்ட நேரத்தைக் கணக்கிட்டே தருகிறேன். பேசுபவர் யார், கேட்பவர் யார், பேச்சு விளையாட்டா கடிந்துரையா என்ற குறிப்பையும் ஒவ்வொரு தொடரோடும் சேர்த்தே அனுப்புகிறேன்.