போக்கிமான் 151 மினி டின்: வாங்கலாமா?

போக்கிமான் கார்டு கேம்ல 151ங்கற கார்டு செட் 2023 செப்டம்பர்ல வந்தது, 1996 கேம்ல வந்த அந்த முதல் 151 போக்கிமானுக்காகவே போட்ட செட், அதனால பழைய ரசிகர்களுக்கு இது ரொம்பவே ஸ்பெஷல். இந்த செட்டோட பூஸ்டர் பேக்கை (உள்ள எந்தக் கார்டு இருக்குன்னு தெரியாத சின்ன பாக்கெட்) தனியா விக்கறதுக்குன்னு போடல, டின், பாக்ஸ் மாதிரி ஏதாவது ஒண்ணோட சேர்த்துதான் வரும். அதுல எனக்குப் பிடிச்சது மினி டின்ங்கற சின்ன தகர டப்பாதான்.

உள்ள ரெண்டு பேக், ஒரு ஆர்ட் கார்டு. ஒரு பேக்ல பத்து கார்டு, அதுல குறைஞ்சது மூணு ஃபாயில் (பளபளன்னு மின்னுற கார்டு) கண்டிப்பா இருக்கும், அதனால சும்மா பிரிச்சோம்னு ஆகாது. எல்லாரும் தேடுற சாரிசார்ட் கார்டு (கார்டு நம்பர் 199/165) வரும்னு நம்பி மட்டும் வாங்காதீங்க, அந்த ஒரு கார்டுதான் வேணும்னா சிங்கிளா, அதாவது அந்தக் கார்டை மட்டும் தனியா வாங்கறதே லாபம்.

ஆனா டின் சேர்க்கறவங்களுக்குக் கதையே வேற. மூடியில இருக்கற படம் அவ்ளோ அழகு, ஒவ்வொரு டிசைனா தேடிப்பிடிச்சு ஷெல்ஃப்ல வரிசையா வச்சுப் பாருங்க, மனசு நிறைஞ்சிடும்! காலி டின்லயும் ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்ட கார்டு, டைஸ் எல்லாம் வச்சுக்கலாம். ஈரம் மட்டும் ஆகாது, தகரம்தானே, ஓரத்துல துரு பிடிக்கும், உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க.

போலி நிறைய சுத்துது. பிளாஸ்டிக் கவர் தளர்வா இருந்தாலோ, பிரிண்ட் மங்கலா இருந்தாலோ, விலை நம்பமுடியாத அளவுக்குக் கம்மியா இருந்தாலோ தொடவே தொடாதீங்க.