பிக் லைன் நகராமல் இருக்க எது நல்லது: தையலா, ஒட்டுப்பட்டையா, தோலடி நங்கூரமா?

பிக் லைன் என்பது மேற்கைச் சிரை வழியே இதயத்தின் அருகே வரை செலுத்தும் நீண்ட, மெல்லிய குழாய். கீமோ மருந்துக்காகப் போட்ட அந்தக் குழாய் மூன்று நான்கு சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டால், பார்ப்பவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றும். குழாய் தோலுக்குள்தான் இருக்கிறது, சலைன் தடையில்லாமல் போகிறது. ஆனால் இதயத்துக்குள் இறங்கும் பெரிய சிரையின் அடிப்பகுதியில் இருக்க வேண்டிய நுனி மேலே ஏறியிருக்கும். இன்னும் கொஞ்சம் வெளியே வந்தால் குறுகலான சிரைக்கே போய்விடும். ரத்த ஓட்டம் குறைந்த அந்த இடத்தில் வீரியமான மருந்து விழுந்தால் சிரையின் சுவர் புண்ணாகும், ரத்தம் உறையும். வெளியே வந்த பகுதியைத் திரும்ப உள்ளே தள்ளவும் கூடாது. தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், பல சமயம் புதுக் குழாயே போட வேண்டிவரும்.

குழாயைச் செலுத்துவதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. சுவீடன் நாட்டுக் கதிரியக்க மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட முறையின் வழியில்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஊசி, ஊசி வழியே கம்பி, கம்பியின் மேல் உறை, உறை வழியே குழாய், கடைசியில் உறையை இரண்டாகக் கிழித்து உருவிவிடுவது. அல்ட்ராசவுண்ட் வந்த பிறகு சிரையைத் திரையில் பார்த்தே குத்துகிறோம். குழாயின் தடிமனை ‘பிரெஞ்சு’ என்ற அலகில் சொல்வார்கள். நாலு பிரெஞ்சு அளவுக் குழாயின் குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய ஒன்றை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது எப்படி என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பழைய வழி தையல். குழாயின் வெளிப்பகுதியில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கைகளில் உள்ள துளை வழியே நூலைக் கோத்துத் தோலோடு கட்டிவிடுவது. செலவு மிகக் குறைவு, எந்த மருத்துவமனையிலும் பொருள் உண்டு, கட்டிய அன்று பிடிப்பும் உறுதி. இத்தனை இருந்தும் பிக் லைனுக்குத் தையல் போடுவதை நான் ஏற்கவில்லை. குழாய் நுழையும் துளைக்குப் பக்கத்திலேயே இன்னும் சில துளைகளை நாமே போடுகிறோம். அந்த நூலில் கிருமி படலமாகப் படியும். இறக்கைக்கு அடியில் பஞ்சை விட்டுத் துடைக்கவும் வழியில்லை. சில வாரங்களில் நூல் தோலை அறுத்துக்கொண்டு தானாகவே விடுபடுவதும் உண்டு. தைப்பவரின் விரலில் ஊசி குத்தும் அபாயம் வேறு. தொற்று அபாயத்தைக் குறைக்கத் தையலில்லாத பிடிப்பைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011இலேயே வழிகாட்டுதலில் எழுதிவிட்டது.

அடுத்தது ஒட்டுப்பட்டை. ஸ்டாட்லாக் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். தோலில் ஒட்டும் ஒரு பட்டை, அதன் மேல் இரண்டு சிறு முளைகள். குழாயின் இறக்கைத் துளைகளை அந்த முளைகளில் பொருத்தி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கதவை மூடினால் முடிந்தது. துளையும் இல்லை, வலியும் இல்லை. இரண்டு மூன்று வாரச் சிகிச்சைக்கு, அதிலும் நோயாளி வார்டிலேயே இருக்கும்போது, இதைக் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் ஏழாம் நாளில் வருகிறது. பட்டையை வாரத்துக்கு ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் ஒளிபுகும் டிரெஸ்ஸிங்கைத் துளையை நோக்கி உரிக்க வேண்டும். எதிர்த்திசையில் உரித்தால் குழாயும் கூடவே வரும். பிறகு கதவுகளைத் திறந்து குழாயை எடுத்துவிட்டு, ஸ்பிரிட் பஞ்சால் பசையை நனைத்து நனைத்துப் பட்டையைக் கழற்ற வேண்டும். தோலைத் துடைத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே புதியதை ஒட்ட முடியும். அவ்வளவு நேரமும் குழாயைப் பிடித்திருப்பது ஒரு கையின் இரண்டு விரல்கள் மட்டுமே. நோயாளி ஒருமுறை இருமினால் போதும். வீட்டுக்குப் போனவர்களின் நிலை இன்னும் மோசம். மே மாத வெயிலில் வியர்வை பட்டையின் ஓரத்தை மூன்றாம் நாளே தூக்கிவிடுகிறது. கீமோவால் மெலிந்த தோல் பசையோடு உரிந்து, சிவந்து, கொப்புளம் போடுகிறது. “பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கலாமா, சிஸ்டர்?” என்று கேட்பவருக்குப் பட்டை போட்டிருக்கும்போது மனம் ஒப்பி ஆமாம் என்று சொல்ல முடிவதில்லை.

மூன்றாவது, தோலடி நங்கூரம். செக்யூர்அகாத் என்பது இந்த வகையில் அறியப்பட்ட கருவி. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் உலோகத்தில் இரண்டு சின்னக் கால்கள். கருவியை மடித்துப் பிடித்தால் கால்கள் ஒன்று சேரும். குழாய் நுழைந்த அதே துளை வழியே அவற்றை உள்ளே விட்டு மடிப்பை விடுவித்தால், தோலுக்குச் சற்று கீழே குடைக்கம்பி போல விரிந்து நிற்கும். மேல்மூடியைக் குழாயின் மீது அழுத்திப் பூட்டிவிட்டால் ஆயிற்று. புதுத் துளை எதுவும் இல்லை, குழாய் இருக்கும் வரை மாற்ற வேண்டியதும் இல்லை.

இதன் அருமை டிரெஸ்ஸிங் மாற்றும் நாளில் தெரியும். மேலே ஒட்டியதை முழுக்க எடுத்தாலும் குழாய் அசையாது. கருவியை மெல்லத் தூக்கி அடியில் சுற்றிலும் துடைக்கலாம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், டிரெஸ்ஸிங் மாற்ற ஸ்டாட்லாக்குக்கு 7.3 நிமிடமும் செக்யூர்அகாத்துக்கு 4.3 நிமிடமும் ஆயின. மூன்று நிமிடம்தானே என்று தோன்றலாம். ஒரே காலையில் வரிசையாகப் பலருக்கு மாற்றும் செவிலியருக்கு அது பெரிய விஷயம்.

கருவியின் விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஒருமுறைச் செலவு. எந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்று மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017 ஜூனில், 15 நாளோ அதற்கு மேலோ இருக்கப்போகும் பிக் லைனுக்கு இதைப் பரிசீலிக்கச் சொன்னது. குழாய் 25 நாள் இருந்தால் நோயாளி ஒருவருக்கு 9 பவுண்டும், 120 நாள் இருந்தால் 95 பவுண்டும் மிச்சம் என்று அதன் கணக்கு. நம் ஊர் விலையில் கணக்கு மாறும். இருந்தாலும் வாராவாரம் பட்டை வாங்குவதையும், நழுவிய குழாய்க்குப் பதில் புதியது போடுவதையும் சேர்த்துக் கூட்டாமல் விலை அதிகம் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

குறைகளும் உண்டு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு இது கூடாது. கால்கள் சரியாக விரியாவிட்டால் நாள் முழுக்க உறுத்தும். கழற்றும்போது பட்டையைவிட வலிக்கும். கருவியின் அடித்தட்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒவ்வொரு காலாக வெளியே எடுக்கலாம், அல்லது பழையபடி மடித்து எடுக்கலாம். இரண்டுக்கும் கைப்பழக்கம் வேண்டும். பழகியவர் கையில் நொடியில் வந்துவிடும், பழகாதவர் இழுத்தால் நோயாளி துடித்துப்போவார்.

சூப்பர் க்ளூ வகையைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் என்ற மருத்துவப் பசையையும் சிலர் போட்டிக்கு இழுக்கிறார்கள். போட்ட அன்று துளையில் கசியும் ரத்தத்தை நிறுத்துவதில் அது அருமையான துணை. தனியாக மாதக்கணக்கில் பிடித்து வைக்கும் என்று அதை நம்பமாட்டேன்.

தையலை அடியோடு ஒழித்துவிடவும் முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில், தாடியும் வியர்வையுமாக இருப்பவரின் கழுத்தில் நாலைந்து நாளுக்குப் போடும் குழாய்க்குப் பட்டை நிற்காது, அங்கே தையல்தான். தோலுக்கடியில் சுரங்கம்போட்டுச் செலுத்தும் ஹிக்மன் குழாயிலும் டயாலிசிஸ் குழாயிலும் டேக்ரான் என்ற செயற்கைத் துணியாலான வளையம் இருக்கிறது. சில வாரங்களில் சதை அதைப் பற்றிக்கொள்ளும், அதுவரைக்கும் தையல் வேண்டும், பிறகு பிரித்துவிடலாம்.

மாதக்கணக்கில் கீமோ, வீடு தொலைவில், டிரெஸ்ஸிங் உள்ளூர்க் கிளினிக்கில் என்றால் நான் நங்கூரத்தையே கேட்பேன். பத்து நாள் ஆன்டிபயாடிக்குக்குப் பட்டை போதும். எதைப் போட்டாலும், தோலுக்கு வெளியே குழாய் எத்தனை சென்டிமீட்டர் தெரிகிறது என்பதை முதல் நாளே அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நங்கூரம் என்றால் கருவியின் பெயரையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுப்பவரும் குழாயைக் கழற்றப்போகிறவரும் கை வைக்கும் முன் அதைப் பார்த்தாக வேண்டும்.