ஆறு வருடம் தட்டித் தட்டி ஓட்டிய ஆசிலாஸ்கோப்

போன வாரம் என் ஆசிலாஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி) சரியாகிவிட்டது. வாங்கி ஆறு வருடம் கழித்து. அதே வாரம் பார்த்து நண்பன் ஒருவன் போன் செய்தான். "ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய ஸ்கோப் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்டா, வாங்கலாமா?" வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியது இது.

என்னுடையது 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், பழைய டிவி போலப் படக்குழாய் டியூப் வைத்த அனலாக் ஸ்கோப். எங்கோ ஒரு ஆய்வகம் கழித்துக்கட்டியது. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. எரிச்சலே அதுதான்.

பிளக்கைச் செருகும் முன்பே பின்பக்கம் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் சில கருவிகளில் 115/230 சுவிட்ச் 115-இல் நிற்கும்; அப்படியே நம் ஊர் கரண்ட்டில் போட்டால் கதை முடிந்தது. பிறகு திரையைச் சாய்வாகப் பார்த்தேன். வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக் கோட்டை ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிறுத்தியிருந்தால் திரையின் உள்பக்கம் ஒளிரும் பாஸ்பர் பூச்சு எரிந்து நடுவில் பழுப்பாகத் தழும்பு விழும். இல்லை. கூடவே கொண்டுபோன மல்டிமீட்டரை இன்புட்டில் வைத்தேன். டிசி-யில் இரண்டு சேனலும் இருக்க வேண்டிய 1 மெகாஓம் காட்டின. யாராவது அதிக வோல்ட் கொடுத்துச் சுட்டிருந்தால் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும். ஆன் செய்து ப்ரோப் (சிக்னலைத் தொட்டு எடுக்கும் வயர்) முனையை விரலால் தொட்டேன். கடையில் ஓடும் அத்தனை வயரும் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் அலையாகத் திரையில் வந்தது. கட்டத்துக்கு 5 மில்லிசெகண்ட் என்று வைத்தால் நாலு கட்டத்துக்கு ஒரு அலை. நேரக் கணக்கு, அதாவது டைம்பேஸ், சரி. முன்பக்கக் கொக்கியில் வரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை வைத்து ஒவ்வொரு ரேஞ்சாகத் திருகினேன். நாப் திரும்பும்போது கோடு கொஞ்சம் துள்ளியது. அது வெறும் அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும் என்று தெரிந்தும் முகத்தைச் சுளித்து ஐந்நூறு ரூபாய் குறைத்தேன். பெருமை வேறு.

இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அப்போது கடைக்காரர் சுவிட்சை அணைத்தார். "ரொம்ப நேரம் ஓட விடாதீங்க சார், டியூப் லைஃப் போயிடும்." தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்தேன்.

அன்று இரவே வீட்டில் 25 நிமிடம் ஓடியதும் இரண்டாம் சேனலின் கோடு விறுவிறுவென்று மேலே ஏறித் திரையை விட்டே போய்விட்டது. வலது பக்கம் ஒரு தட்டு தட்டினேன். இறங்கி வந்து உட்கார்ந்தது. பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு இந்த வைத்தியம் தெரியும்.

ஆறு வருடமாக இதே வைத்தியம்தான். ராத்திரி பதினோரு மணிக்கு என் அறையிலிருந்து 'டப்' என்று சத்தம் வந்தால் வீட்டில் யாரும் என்னவென்று கேட்பதில்லை. ஆனால் தட்டுவதுகூடப் பெரிதில்லை. சிக்னல் போனதா, ஸ்கோப் போனதா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட வேண்டும், அதுதான் கொடுமை. ஒரு ஆம்ப்ளிஃபையரில் அவுட்புட் காணோம் என்று நன்றாக இருந்த ஐசி-யைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அவுட்புட் இருந்தது. கோடுதான் இல்லை.

பவர் சப்ளை கெப்பாசிட்டர்களைக் குற்றம் சொல்லி எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். பிரயோஜனமில்லை. கடைசியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பழைய டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி, முடி உலர்த்தும் டிரையரால் போர்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கினார். டியூபுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகும் பெட்டி என்பதால் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பேனாவால் அங்கங்கே மெதுவாக அழுத்தினார். ஒரு பின்னைத் தொட்டதும் கோடு துள்ளியது. "டிரை சால்டர் தம்பி." ஈயப் பற்று சரியாக ஒட்டவில்லை, அவ்வளவுதான். முந்நூறு ரூபாய்.

கடைக்காரருக்குத் தெரிந்திருக்குமா என்று நிறைய யோசித்திருக்கிறேன். தெரியாமலும் இருக்கலாம், அவரும் எந்தச் சரக்கையும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். டியூப் தேயும் என்பதும் பொய்யில்லை. ஆனால் அரை மணி நேரத்திலா தேயும்? நியாயமாகப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறேன், அந்த அணைத்த கை ஞாபகம் வந்தால் முடியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். போனில் டோன் ஆப் போட்டு, இடது காதுக்கு 100 ஹெர்ட்ஸ், வலதுக்கு 200 கொடுத்து, ஸ்கோப்பை எக்ஸ்-ஒய்யில் (ஒரு சேனல் கோட்டைப் பக்கவாட்டிலும் இன்னொன்று மேலும் கீழும் நகர்த்தும்) வைத்தால் பச்சையில் ஒரு எட்டு வரும். வலதை 201 ஆக்கினால் அந்த எட்டு தன்னைத்தானே திருப்பித் திருப்பிக் காட்டும். என் மகள் இதற்காகவே சாப்பாட்டை விட்டு எழுந்து வருவாள். டிஜிட்டல் ஸ்கோப்பிலும் பார்த்திருக்கிறேன். புள்ளி புள்ளியாக, உயிரில்லாமல் இருந்தது. சரி, இது என் கண்ணாகவும் இருக்கலாம்.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. புது டிஜிட்டல் ஸ்கோப் வாங்கு. ஒரே ஒரு தடவை வந்துபோகும் பல்ஸை அது பிடித்து நிறுத்திக் காட்டும், என்னுடையதில் மின்னி மறைந்துவிடும். "அப்போ உன்னோடதை எனக்குக் கொடுத்துடு" என்றான். பேச்சை மாற்றிவிட்டேன்.

அவன் கேட்கப் போவதில்லை. கூடவே ஒரு பழைய மல்டிமீட்டரும் பேசி வைத்திருக்கிறானாம். அதன் கரண்ட் ஃப்யூஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். செராமிக் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி ஃப்யூஸோ, இன்னும் மோசமாகச் செப்புக் கம்பியோ இருந்தால் மீட்டரே வேண்டாம். சனிக்கிழமை நானும் போகிறேன். ஸ்கோப்பை ஆன் செய்து விட்டுவிட்டு, எதிர்க்கடையில் இரண்டு டீ. இரண்டாவது டீயை நான் மெதுவாகத்தான் குடிப்பேன். திரும்பி வந்து வலது பக்கம் ஒரு தட்டு. அதுவரை பர்ஸ் என்னிடம் இருக்கும்.