சிமுலேஷன் லீக்கில் முதல் பாயிண்ட் கார்டு: மேஜிக் ஜான்சனா, ஜான் ஸ்டாக்டனா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் பழைய வீரர்களை டிராஃப்ட் செய்து (முறைவைத்துத் தேர்ந்தெடுத்து), அவர்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆடும் லீக்கில், பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்) பட்டியலின் உச்சியில் நான் நிறுத்துவது இந்த இருவரைத்தான்.

வாழ்நாள் சராசரியில் ஆட்டத்துக்கு மேஜிக் 19.5 புள்ளி, 11.2 அசிஸ்ட் (கூடையாகும் பாஸ்), 7.2 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), ஸ்டாக்டன் 13.1 புள்ளி, 10.5 அசிஸ்ட், 2.2 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது). பந்தை இழப்பதில்தான் கதை மாறுகிறது. மேஜிக் 3.9 முறை, ஸ்டாக்டன் 2.8 முறை.

யூசேஜ் என்பது அணியின் தாக்குதல்களில் எத்தனை சதவீதம் ஒரு வீரரின் கையில் முடிகிறது என்ற கணக்கு. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் யூசேஜ் கூட்டுத்தொகை 100 சதவீதத்தைத் தாண்டாது. ஏற்கெனவே 30 சதவீதக்காரர்கள் இருவர் இருந்தால், மூன்றாவதாக மேஜிக்கைச் சேர்ப்பது வீண்: அவர் எறிய வேண்டிய ஷாட்களை அவர்களே எறிந்துவிடுவார்கள். அங்கே ஸ்டாக்டன் கச்சிதம். அவருடைய மூன்று புள்ளி எறிதலும் 38.4 சதவீதம். மாறாக, குறைவாக ஷாட் எறியும் நால்வரோடு ஸ்டாக்டனை விட்டால், யாரோ ஒருவர் தலையில் அளவுக்கு மீறிய ஷாட்கள் விழும், துல்லியம் சரியும்.

வீரரின் வாழ்நாள் சராசரிக்குப் பதிலாக ஏதாவது ஒரு சீசனின் எண்களை வைத்து ஆடினால் 1989-90 இருவருக்குமே நல்ல தேர்வு. ஸ்டாக்டன் 14.5 அசிஸ்ட் கொடுத்த வருடம் அது. மேஜிக்கின் மூன்று புள்ளி எறிதலும் அப்போது 38.4 சதவீதத்தைத் தொட்டது. 1979-80 மேஜிக்கை எடுத்துவிடாதீர்கள், மூன்று புள்ளி எறிதல் வெறும் 22.6 சதவீதம்.

என் முதலிடம் மேஜிக்குக்கு. 6 அடி 9 அங்குல பாயிண்ட் கார்டே ரீபவுண்ட் எடுத்தால், வழக்கமாக அந்த வேலையைச் செய்யும் சென்டரை (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரரை) ஷூட்டிங்குக்காகத் தேர்ந்தெடுக்கலாம்.